சாயம் போன தண்ணீர்

— அந்தச் செவப்பு ஒயரத் தொடாதீங்க மாமா, அது ப்ளஸ்!

— ஏம் சாரதா, காலைல பொல்யூஷன் ஆபீசருங்க வர்றாங்க. வாய்க்கால்ல சாயம் தெரிஞ்சா நம்ம சாயப்பட்டறைக்கு சீல். நீ என்னடான்னா என்ற வண்டி பேட்டரியக் கழட்டிப் போட்டு பக்கெட்டோட வெளையாடறே?

— வெளையாட்டில்லீங்க. பக்கெட்ல நம்ம சாயக்கழிவுதான். கரிக்குச்சி ரெண்டும் பழைய டார்ச் செல்லுல இருந்து எடுத்தது. குனிஞ்சு பாருங்க.

— நொரை நொரையா வருது.

— மைனஸ் குச்சில வர்றது ஹைட்ரஜன். இந்தப் பக்கம், ப்ளஸ்ஸுல, மோந்து பாருங்க. மூக்கக் கொண்டு போகாம, கையால காத்த வீசி.

— அட, ப்ளீச்சிங் பவுடர் வாசம்! எப்ப ஊத்துனே?

— நானெங்க ஊத்துனேன்? துணில சாயம் ஏறறதுக்கு நீங்க மூட்ட மூட்டயா உப்புப் போடறீங்கல்ல, அதுக்குள்ள இருக்கறதுதான். தண்ணில உப்பு சோடியம், குளோரின்னு தனித்தனியாப் பிரிஞ்சு திரியும். கரெண்டு உட்டா குளோரின் ப்ளஸ்ஸப் பாத்து ஓடியாருது. அதுதான் சாயத்தக் கடிக்கும்.

— கடிச்சு?

— சாயம் ஒடஞ்சு நெறமத்துப் போகும். நாம வாங்கற காஸ்டிக் சோடாவையே உப்புத்தண்ணில கரெண்டு உட்டுத்தானுங்க பண்றாங்க. உங்க வண்டி ஹேண்டில்பாருக்கு நிக்கல் பூசறதும் இதே வித்தைதான். அங்க நிக்கல் மைனஸத் தேடிப் போயி ஒட்டிக்கும்.

— இரு இரு... செவப்பு ரோசாவாயிருச்சு!

— கண்ண எடுக்காதீங்க.

— வெளுக்குது! பக்கெட்டோட அடி தெரியுது சாரதா!

— நாந்தான் சொன்னேன்ல!

— பேட்டரிக்கட நல்லானக் கூப்புடறேன். கடைல இருக்கறதெல்லாம் அள்ளிட்டு வரட்டும், பெரிய தொட்டிக்கே மாட்டிரலாம்!

— வெட்டவெளித் தொட்டிதான், வாயு தேங்காது. கரித்தகடு மட்டும் பெருசா வேணும்.

— காலைல வரட்டும் அவிங்க. அவிங்க கண்ணு முன்னாடியே ஒரு டம்ளர் மொண்டு குடிச்சுக் காட்டறேன்!

— ஐயோ, வாயில வெச்சுராதீங்க! நெறந்தான் போச்சு. உப்பு அப்படியே இருக்குது, ஒடஞ்ச சாயத்துண்டும் கெடக்குது.

— அதெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?

— தெரியாதுங்க.

— அப்பறமென்ன? ஏன் மொகம் இப்படிப் போகுது?

— கீழ்த்தோட்டத்து ராமாத்தாக்கா மாட்டத் தண்ணி குடிக்க உடறதுக்கு முன்னால வாய்க்கால எட்டிப் பாப்பாங்க. செவப்பாக் கெடந்தா, திரும்பக் கட்டிருவாங்க.

— ஆமா, தெனமும் நம்மளத் திட்டிட்டே கட்டும். அதுக்கு?

— நாளைக்கும் எட்டிப் பாப்பாங்க மாமா.