சிவப்பு வராத திரை

காபி வேண்டாம் ஐயா. காலைப் பலகாரத்துக்குப் பிறகு நான் காபி குடிப்பதில்லை. அந்த மின்விசிறியை மட்டும் கொஞ்சம் குறையுங்கள், போதும்.

அடுத்த அறையில் என் மருமகள் மதிவதனியை உட்கார வைத்திருக்கிறீர்கள். எங்கள் குடும்பத்துப் பெண் எவளும் இதுவரை காவல் நிலையப் படி ஏறியதில்லை. அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். எங்கள் விடுதியில் ஆக்னஸ் அம்மையார் இறந்ததற்கு அவள் காரணமல்ல. நான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் பரசுராமன். பாலிடெக்னிக்கில் கணினி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். செங்கம் சாலையில் இருக்கும் ரேணுகாம்பாள் இல்லம் எங்களுடையது. என் தாயாரின் பெயர். அறைப் பதிவிலிருந்து சமையலறை வரை அந்த விடுதியை நடத்தும் மென்பொருளை நான் ஒருவனே ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் எழுதினேன். எந்த விருந்தினருக்கு எந்த உணவு ஆகாது என்பதை முன்பதிவிலேயே கேட்டு வாங்கிச் சமையலறைத் திரையில் காட்டும். அக்கம்பக்கத்து விடுதிக்காரர்கள் வந்து பார்த்து, "சார் மூள சார் மூளதான்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

மதிவதனி சென்னையில் மென்பொருள் வேலை பார்த்தவள். என் மகன் பாலாஜியைக் கட்டிக்கொண்டு வந்தாள். வந்தவள் என் வேலையைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். "மாமா, இத டைப்ஸ்கிரிப்டுக்கு மாத்திக்கலாமா?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். டைப்ஸ்கிரிப்டில் ஒவ்வொரு விவரமும் எண்ணா, எழுத்தா, பட்டியலா என்று முன்கூட்டியே வகை சொல்லிவிட வேண்டும். கோப்புகளையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டித் தரும் வெப்பேக் என்றொரு கருவி இருக்கிறது. அதில் அவள் ஒரு லோடரைப் பொருத்தினாள். லோடர் வகைகளைச் சரிபார்த்து, உலாவிக்குப் புரியும் மொழியில் மாற்றிக் கொடுக்கும். எங்காவது பொருந்தாவிட்டால் சிவப்பு எழுத்தில் சொல்லும்.

முதல் முறை ஓட்டியபோது திரை முழுக்கச் சிவப்பு ஓடியது. எல்லாம் நான் எழுதிய வரிகள்.

"செவப்பு வந்தா பயப்படாதீங்க மாமா. நல்லதுக்குத்தான் சொல்லுது," என்றாள்.

"என்னப்பா, வெளிய பெயின்ட் அடிச்சி பளபளன்னு வெச்சிருந்தீங்க. உள்ள இவ்ளோ விரிசலா?" என்றான் பாலாஜி.

"ஏங்க, இனிமே உங்களுக்கு வேல கம்மி. மதியானத்துல ஜாஸ்தியா தூங்கலாம்," என்றாள் என் மனைவி ஜோதியம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு அந்த விடுதிக்காரர்கள் வாசலில் நின்று, "மதி மேடம் இருக்காங்களா சார்?" என்று என்னிடமே கேட்க ஆரம்பித்தார்கள். இருக்கிறாள் என்று சொல்லி, உட்கார நாற்காலியும் எடுத்துப் போட்டேன். இதைப் பொறாமை என்று யாராவது சொன்னால் எழுதிக்கொள்ள வேண்டாம். ஒரு வீட்டின் பெயர் அந்த வீட்டு மூத்தவன் பெயரால் நிற்க வேண்டும். அது முறை, அவ்வளவுதான்.

ஆக்னஸ் பிரான்சில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். வருடா வருடம் மார்கழியில் வருவார். வேர்க்கடலை அவருக்கு ஆகாது, நாக்கில் பட்டாலே மூச்சு அடைக்கும். முன்பெல்லாம் ஒவ்வொரு வேளையும் சமையலறைக்கே போய்ச் சொல்லிவிட்டு வருவார். நான்தான், இனிமேல் சொல்ல வேண்டியதில்லை, எங்கள் திரை சொல்லும் என்று நிறுத்தினேன். அந்த நம்பிக்கையில் சாப்பிட்டு வந்தார். இந்த வருடம் வந்து இறங்கியதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "பரசு, உங்கள் மருமகள் ஒரு மேதை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஆமாம் என்றேன்.

மதிவதனிக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு விவரத்தின் வகையை மாற்ற வேண்டுமானால் முதலில் ஓரிடத்தில் மாற்றிவிடுவாள். பிறகு வெப்பேக்கை ஓட்டுவாள். எங்கெல்லாம் சிவப்பு வருகிறதோ அங்கெல்லாம் போய்த் திருத்துவாள். சிவப்பு நின்றால் வேலை முடிந்தது. நல்ல பழக்கம்தான். ஆனால் தன் கண்களை லோடரிடம் கொடுத்துவிட்ட பழக்கம்.

ஒரு நாள் சாப்பிடும்போது, "மாமா, ஒத்தருக்கே ரெண்டு மூணு சாப்பாடு ஆகாம இருக்கும் இல்ல? இப்ப ஒண்ணுதான் போட முடியுது. பட்டியலா மாத்திடப் போறேன்," என்றாள். நல்ல யோசனை, செய் என்றேன்.

மறுநாள் அவள் கீழ்பென்னாத்தூரில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். கணினி மேசையில் திறந்தே இருந்தது. லோடரின் அமைப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். டிரான்ஸ்பைல் ஒன்லி. மொழியை மாற்று, சரிபார்க்காதே என்று பொருள். வேகத்துக்காகப் பலரும் வைத்துக்கொள்வதுதான், தப்பான வரி அல்ல. அவளுடைய கணினி என்பதால் அவள் பெயரிலேயே பதிந்தது.

திரும்பி வந்து வகையை மாற்றினாள். முன்பதிவுப் பக்கத்தையும், ஏற்கெனவே இருந்த பதிவுகளையும் அதற்கேற்பத் திருத்தினாள். ஓட்டினாள். சிவப்பு வரவில்லை. "ஒரு எடத்துலகூட இடிக்கல மாமா," என்றாள் சந்தோஷமாக. சமையலறைத் திரைக்கான கோப்பை அவள் திறக்கவே இல்லை. அதில் நான் எழுதிய பழைய வரி இன்னும் ஒற்றைச் சொல்லைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. பட்டியல் வந்தால் அதற்கு ஒன்றும் புரியாது, திரை வெறுமையாக இருக்கும். எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை இட்லி. எங்கள் பக்கத்தில் சட்னி என்றால் வேர்க்கடலைதான். சமையல்காரன் அறிவுமதி வேலைக்குப் புதியவன். என் மேசைக்கு வந்து, "சார், யாருக்கும் எதுவும் வேணாம்னு ஸ்க்ரீன்ல வர்லயே. பொதுவாவே அரைச்சிடட்டுமா?" என்று கேட்டான்.

"ஸ்க்ரீன்ல இருக்கறபடி செய்யிப்பா. மதி மேடம் செஞ்சது தப்பா இருக்காது," என்றேன்.

தட்டு அந்த அம்மையாரிடம் போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மதிவதனி மதியத்துக்குள் சத்தமில்லாமல் திருத்தியிருப்பாள், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. கொஞ்சம் தடிப்பு, கொஞ்சம் மூச்சிறைப்பு, பிறகு ஊசி. அதற்குமேல் நான் நினைக்கவில்லை.

அவருக்கு மூச்சு அடைத்தது. அவசரத்துக்கென்று அவர் கூடவே கொண்டுவரும் ஊசி மாடியில் அவர் அறையில் இருந்தது. பாலாஜி ஓடப் பார்த்தான். "நீ அவங்களப் புடிச்சிக்கோ, நான் எடுத்தாரேன்," என்றேன். என் முழங்கால் எப்படிப்பட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஊசி மேசை இழுப்பறையில் உடனே கிடைத்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டின் மேலேயே நின்றேன். கீழே மதிவதனி, "என்னாலதான், நான்தான் மாத்தினேன்," என்று அழும் குரல் கேட்டது. அது கேட்ட பிறகு இறங்கினேன்.

அன்றிலிருந்து அவள் கணினியைத் தொடவில்லை. சமையலறைத் திரையை நானே சரிசெய்தேன். இப்போது நன்றாக ஓடுகிறது.

இதை இன்று சொல்வது குடும்ப மானத்துக்காக. வேறு காரணம் எதுவும் இல்லை. காலையில் நீங்கள் அழைத்து வந்த கணினி நிபுணர் உங்களிடம் பேசிக்கொண்டிருந்தபோது நான் வெளியே பெஞ்சில்தான் இருந்தேன். "இது தெரியாம நடந்தது இல்ல சார், வேணும்னே வெச்சது. ஒரே வரி. எல்லாம் ஓடும், காவல் மட்டும் இருக்காது. என்ன மூள சார். அந்தப் பொண்ணத் தவிர யாருக்கும் இது வராது. பெரியவருக்கெல்லாம் லோடர்னா என்னன்னே தெரியாது," என்றார். அப்போதுதான் எழுந்து உள்ளே வந்தேன்.

அவருடைய அறிக்கையில் அந்த வரியை எழுதியவர் மதிவதனி என்று இருக்கிறது. அதை அடித்துவிட்டு என் பெயரைப் போடச் சொல்லுங்கள். பெயருக்குப் பின்னால் என் பட்டத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.