விட்டுவிட்டுப் போகச் சொன்னவன்

மேடையில் அமர்ந்திருக்கும் உலுக்மானின் தந்தை சுயுன்பெக் அவர்களே, இந்தக் கணினி விளையாட்டு மன்றத்தை இன்று இந்தக் கூட்டத்துக்காகத் திறந்துவிட்ட உரிமையாளர் அவர்களே, பனியையும் பாராமல் அத்-பாஷியிலிருந்து வந்திருக்கும் எதிரணித் தோழர்களே, நாரின் நகரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நான் பகலில் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். மாலையில் இங்கே ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினி ஆட்டத்தில் துப்பாக்கி பிடிக்கிறவள். எங்கள் அணியின் கேடயமாக நின்ற மின்வாரிய லைன்மேன் உலுக்மான் அவர்கள் நிமோனியாவில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. ‘அவர்கள்’ என்று நான் சொல்வதைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பான். அவன் என்றே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் தெரியாத பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. அணிக்கு ஆறு பேர். ஒரு சரக்கு வண்டியை ஊர்க்கோடி வரைக்கும் தள்ளிக்கொண்டு போக வேண்டும், எதிரணி மறிக்கும். யாராவது பக்கத்தில் இருந்து தள்ளினால்தான் வண்டி நகரும். எத்தனை பேரைச் சுட்டோம் என்பது பேச்சில்லை. வண்டி போய்ச் சேர்ந்ததா? அதுதான் பேச்சு. நடுவில் ஒரு குறுகிய சந்து வரும். அங்கே ஒருவர் கேடயத்தோடு நின்று எதிரிகளைத் தடுத்தால்தான் மற்றவர்கள் தப்பலாம். நின்றவர் விழுந்துவிடுவார். அந்த இடம் யாருக்குப் பிடிக்கும்? எல்லோருக்கும் சுடத்தான் ஆசை, எனக்கும் சேர்த்து. உலுக்மான் மட்டும் யாரும் கேட்காமலே அங்கே போய் நிற்பான்.

விழுந்தவரைத் தூக்கிவிடலாம். ஆனால் அதற்குள் வண்டி நின்றுவிடும். ஓஷ் நகரத்து அணியோடு ஆடும்போது, சந்தில் விழுந்த உலுக்மானைத் தூக்க எங்கள் அணித் தம்பி சமாத் மனசு கேட்காமல் திரும்பி ஓடினான்.

“அடேய், எங்கடா வர்ற?”

“உன்னைத் தூக்கத்தாண்ணே.”

“தூக்கி என்ன பண்ணப் போற, சட்டியில போட்டு வறுக்கப் போறியா? நான் இங்க சுகமாத்தான் படுத்திருக்கேன். போய் வண்டியைத் தள்ளுடா. அக்கா, நீங்களும் திரும்பாதீங்க, பரீட்சை ஹால்ல நிக்கிற மாதிரி என்னையே பாத்துக்கிட்டு!”

அன்று வண்டி போய்ச் சேர்ந்தது. அவன் விழுந்த இடத்திலிருந்தே எங்களைவிடச் சத்தமாகக் கத்தினான்.

அடக்கம் முடிந்து ஆண்கள் வீடு திரும்பியபோது சுயுன்பெக் ஐயா என்னிடம் வந்தார். மகனைக் கூட்டிப்போக வந்த ஒரு நாள் அவன் திரையைப் பார்த்திருக்கிறார். “டீச்சரம்மா, அன்னைக்கு என் புள்ள கீழ கெடந்தான். நீங்க அஞ்சு பேரும் அவனை விட்டுட்டு ஓடினீங்க. மலையில கூட்டாளி விழுந்தா நாங்க விட்டுட்டு வரமாட்டோம். உங்களுக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?” என்று கேட்டார். நான் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதன் பிறகு என்ன நடந்தது தெரியுமா? ஆறாவது ஆளைச் சேர்க்க மனமில்லாமல் ஐந்து பேராகவே ஆடினோம். சந்து வந்தது. “நான் நிக்கிறேன், நீங்க போங்க” என்று சமாத் முன்னே போனான். “நீ போடா, நான் நிக்கிறேன்” என்று இன்னொருவன் போனான். நான் மட்டும் எப்படி விட்டுக்கொடுப்பேன்? ஐந்து பேரும் உலுக்மான் நின்ற இடத்தில் நின்று, ஐந்து பேரும் அங்கேயே விழுந்தோம். வண்டி பின்னால் அநாதையாக நின்றது. அத்-பாஷித் தோழர்களே, முதலில் சிரித்தீர்கள். விஷயம் புரிந்ததும் சிரிப்பை விட்டுவிட்டீர்கள். அதற்கு அடுத்த ஆட்டத்திலும் இதே கூத்துதான்.

அவனுக்கு மரியாதை செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, அவன் எதற்காக நின்றானோ அந்த வண்டியை நடுத்தெருவில் போட்டுவிட்டோம். இதற்கு அவன் எங்களை என்ன திட்டு திட்டியிருப்பான்!

ஐயா, உங்கள் கேள்விக்கு இன்று பதில் சொல்கிறேன். ஆமாம், விட்டுவிட்டுத்தான் போனோம். ஒவ்வொரு முறையும் போனோம். அது எங்களுக்குச் சுலபமாக இருந்தது என்று மட்டும் நினைக்காதீர்கள். நாங்கள் போய்ச் சேருவோம் என்று நம்பித்தான் அவன் நின்றான். அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற எங்களுக்கு வேறு வழி இருந்ததா? பக்கத்தில் உட்கார்ந்து அழுவது எங்களுக்கு ஆறுதல். அவனுக்கு அதனால் ஒன்றுமில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை தகுதிச் சுற்று. “துக்க வருஷத்துல என்ன ஆட்டம் வேண்டிக்கெடக்கு” என்று சிலர் சொல்கிறார்கள். சொல்வதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் வேண்டாமென்றால் ஒதுங்கிக்கொள்கிறோம். போகச் சொன்னால், சந்தில் நான் ஒருத்தி நிற்பேன். மற்ற நான்கு பேரும் திரும்பிப் பார்க்காமல் வண்டியைத் தள்ளுவார்கள். இந்த அவைமுன் இது எங்கள் உறுதி.

சமாத், தம்பிகளே, எழுந்திருங்கள், உள்ளங்கைகளை விரியுங்கள். ஐயா, புறப்படுகிறவர்களுக்கு நம் பெரியவர்கள் கையேந்திக் கொடுக்கும் ஆசியை எங்களுக்குக் கொடுங்கள். உங்கள் மகனை விட்டுவிட்டுப் போகிறோம்.