கைக்குழந்தை எடுத்த பாடம்

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குத் திரும்பும் பஸ்ஸில் பாட்டு ஓடவில்லை. அதனால்தான் காதில் விழுந்தது. முன் இருக்கையில் கைக்குழந்தையோடு ஒரு பெண். எங்கே போய்விட்டு வருகிறாய் என்று பக்கத்து அம்மாள் கேட்டார்.

"எம்மவன் டாக்டருகளுக்குப் பாடம் எடுத்துட்டு வாரான்க்கா."

"பல்லே இப்பத்தான மொளைக்குது, பாடமா?"

"அஞ்சு மாசத்துல, தூங்கி முழிச்சா தலையத் தலையக் குனிஞ்சு கைய முன்னால கொண்டுவருவான். கும்பிடுறான்னு சிரிச்சுக்கிட்டே செல்லுல படம் புடிச்சேன். சளிக்குக் காட்டப் போனப்ப, பெரியாஸ்பத்திரியில பிள்ளை வைத்தியம் படிக்கிற டாக்டரம்மாகிட்டயும் பெருமையாக் காட்டினேன். பாத்ததும் அவுக மொகமே மாறிருச்சு. இது வலிப்பும்மான்னுட்டாக."

"பாத்ததுமேவா?"

"வகுப்புல இதே மாதிரி ஒரு பிள்ளையோட வீடியோவப் பாத்திருக்காகளாம். எந்தத் தாயி குடுத்தாளோ, அவ நல்லா இருக்கணும். மருந்து குடுத்து இப்ப நின்னுருச்சு. நானும் என் வீடியோவக் குடுத்தேன். இன்னைக்கு வகுப்புல போட்டாக."

"நல்ல காரியம் செஞ்ச."

"வீடியோவுல நீ சிரிக்கிற சத்தத்த எடுத்துருவமாம்மான்னு பெரிய டாக்டரு கேட்டாக. வேண்டாம் சார், கெடக்கட்டும்னேன். நாளைக்கு வார தாயும் சிரிச்சுக்கிட்டுத்தான் காட்டுவா."