கெட்டில் மூடியில் வாசித்த விடைத்தாள்

அறிவியல் ஆசிரியை திருமதி குஞ்சம்மாள் அவர்களின் பணிநிறைவு நாளில் உடன் பணியாற்றுவோர் உவந்தளிக்கும் மடல்
புதுதில்லி, 30 ஏப்ரல் 1984

சிவப்பு மையைச் சிக்கனமாகவும் சிந்தனையைத் தாராளமாகவும் செலவிட்ட செம்மையே! தவறு கண்ட இடத்தில் தண்டிக்காமல், ‘இப்படி எழுத ஏன் தோன்றியது?’ என்று ஓரத்தில் வினவிய ஒப்பற்ற பேனாவே! இருபத்தெட்டு ஆண்டுகள் கரோல் பாக்கிலிருந்து வரும் பேருந்தில், உட்கார இடம் கிடைத்த அன்றெல்லாம் விடைத்தாள் கட்டை மடியில் பிரித்துத் திருத்தியபடியே வந்த திருவே! வணக்கம்.

பாதி வகுப்புக்கு மேல் தவறிய கேள்விக்குத் தாங்கள் மதிப்பெண் குறைத்ததில்லை. ‘நடத்தியவள் தவறினாள்’ என்று சொல்லி, மறுநாள் அதே பாடத்தை முதலிலிருந்து தொடங்குவீர்கள். எங்களுக்கோ அப்படிச் சொல்ல நாக்கு எழாது. அதனால் தங்களைக் கண்டு வியந்தோம்; கொஞ்சம் அஞ்சவும் செய்தோம்.

சபையோர் பொறுத்தருள்க. இம்மடலை எழுதப் பணிக்கப்பட்ட தமிழாசிரியன் பூவராகவன், இங்கே சில வரிகளுக்கு ‘நான்’ என்று எழுத அனுமதி கேட்கிறேன். என் தவறைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் தாங்களே சிவப்பு மையில் சுழித்துவிடுவீர்கள்.

1976 ஆண்டுத் தேர்வு. எட்டாம் வகுப்பு லீலாவதி தில்லியிலேயே பிறந்தவள். தெருவில் இந்தியும் வீட்டில் பாதித் தமிழுமாக வளர்ந்தவள். தமிழில் எழுத வேண்டிய அறிவியல் தேர்வில் எழுபத்தைந்துக்குப் பத்தொன்பது. மீதி இருபத்தைந்து ஆசிரியரின் மதிப்பீட்டுக்கு உரியது. நாங்கள் அதைக் குறிப்பேட்டின் அழகுக்குக் கொடுத்துவந்தோம். அவள் குறிப்பேட்டுக்குப் பத்து கிடைத்தது. மொத்தம் இருபத்தொன்பது. தேற முப்பத்துமூன்று வேண்டும். முந்தைய ஆண்டே ஒருமுறை தவறியிருந்தாள். இரண்டாம் முறை தவறினால் பள்ளியிலிருந்து பெயர் நீக்கம் என்பது விதி.

தாங்கள் அவளை ஆசிரியர் அறைக்கு அழைத்து, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த எங்கள் தேநீர் கெட்டிலைக் காட்டி, மூடியின் உள்பக்கம் ஏன் சொட்டுகிறது என்று கேட்டீர்கள். அவள் தயங்காமல், ஆவி, மூடி, குளிர்ச்சி, தண்ணீர் எல்லாவற்றுக்கும் இந்திச் சொல்லையே வைத்துச் சொன்னாள்: “பாப் மேலே போறது மிஸ். டக்கன் தண்டாவா இருக்கில்லையா, அதைத் தொட்டதும் மறுபடி பானி ஆயிடறது. மழையும் இப்படித்தானே?”

நான் குறுக்கிட்டேன். விடைத்தாளில் இல்லாதது விடையே ஆகாது என்றேன். தாங்கள் குரல் உயர்த்தவில்லை.

“சார், நான் கேட்டது தண்ணீரைப் பற்றி. அது அவளுக்குத் தெரிகிறது. அவளுக்குத் தமிழ் வராதது நீங்களும் நானும் தேற வேண்டிய பாடம்.”

அந்தப் பத்தொன்பதைத் தாங்கள் தொடவில்லை. குறிப்பேட்டு மதிப்பெண்ணை அடித்துவிட்டு, வாய்மொழித் தேர்வு என்று புதிதாகக் கோடிட்டீர்கள். ஒருத்திக்குச் செய்வது சலுகை, எல்லோருக்கும் செய்தால்தான் தேர்வு என்று, ஏப்ரல் வெயிலில் நான்கு பிற்பகல்கள் நாற்பத்திரண்டு பேரையும் அதே கெட்டிலின் முன் நிறுத்தினீர்கள். லீலாவதிக்கு இருபத்திரண்டு கிடைத்தது. நாற்பத்தொன்று பெற்றுத் தேறினாள்.

அதே வகுப்பில் எழுபதும் இருபத்தைந்தும் பெற்று முதலிடத்தில் இருந்தவன் என் மகன் வைத்தி. பாடத்தைப் பக்கம் பக்கமாக ஒப்பித்தான். மூடி ஏன் சொட்டுகிறது என்று சொல்லத் தெரியவில்லை. ஒன்பது கொடுத்தீர்கள். முதலிடம் போயிற்று. மூன்று மாதம் தங்களோடு நான் பேசவில்லை. ஒருநாள் அடுக்களையில் பால் பாத்திரத்தின் மூடியைத் திறந்து திறந்து பார்த்தபடி நின்ற மகனைக் கண்டேன். அவனுக்கு ஒன்பதுதான் சரி என்று அன்று எனக்கு விளங்கியது. அதைத் தங்களிடம் சொல்ல எட்டு ஆண்டுகளும் இந்த மேடையும் தேவைப்பட்டிருக்கின்றன. மன்னியுங்கள்.

மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் லீலாவதி இப்போது எம்.எஸ்ஸி. முதலாண்டு. தமிழிலும் தேறிவிட்டாள், தாங்கள் அன்று சொன்ன அந்தப் பாடத்தில் நானும்.

எடை போடுவதை எளியோர்க்கு இரங்கும் அறமாக்கிய எங்கள் அம்மையீர்! நோயணுகா உடலும் நூறாண்டு வாழ்வும் தங்களுக்கு வாய்க்கட்டும். கண் கூசாமல் காலைச் செய்தித்தாள் படிக்கவும், எவர் தாளையும் திருத்தாமல் பேருந்தில் சன்னலோரம் அமரவும் காலம் கனியட்டும்.

சட்டமிட்டுத் தரும் இம்மடலின் இடப்பக்கம் விடைத்தாள்போல் ஓரம் விட்டிருக்கிறோம். வீட்டுக்குப் போய் மதிப்பெண் இடுங்கள். எழுத்தில் நாங்கள் தேறாவிட்டால், தயவுசெய்து ஒவ்வொருவராக அழைத்துக் கேளுங்கள்.

வாயால் சொல்லிவிடுவோம்.

என்றும் தங்கள் மதிப்பீட்டுக்கு உரிய
ஆசிரியர்களும் அலுவலர்களும்