விளிம்பு பார்க்காத கட்டி

சாயங்காலம் ஆறரை மணி. பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகிற ரோடு. பஸ் ஆளை இறக்கிவிட்டுப் போய்விட்டது. ஒரு பக்கம் உப்புத் தண்ணீர், இன்னொரு பக்கம் முள்ளுக்காடு. நடுவில் நியாஸ் மட்டும்... கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் பிளாஸ்டிக் டப்பா. டப்பாவுக்குள் அவன் மனைவியின் மார்பிலிருந்து அறுத்தெடுத்த கட்டி.

சின்னதுரை, சிரிக்கிறதானால் எழுந்து போய்விடு. கரண்ட் வருகிற வரைக்கும் மில் ஓடாது, ஒரு கதை சொல் என்று கேட்டது நீங்கள் எல்லாரும்தான். இது நம்முடன் வேலை செய்த பைசலுடைய மச்சான் இந்த நியாஸுக்கு நடந்தது. பைசல் கதை விடுகிற ஆள் இல்லை.

நியாஸ் மனைவி ஜபீனுக்குத் திருவள்ளூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ஆபரேஷன். இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம். முடிந்ததும் டாக்டர் தேவராஜன் டப்பாவை நியாஸ் கையில் கொடுத்தார். அங்கே அப்படித்தான். கட்டியை எடுப்பது அவர்கள் வேலை, மெட்ராஸ் லேபுக்குச் சுமந்துகொண்டு போவது சொந்தக்காரன் வேலை.

"எடுத்தாச்சேன்னு விட்டுடாதப்பா. லேப்ல இதை வெட்டி, விளிம்பை மைக்ராஸ்கோப்ல பாப்பாங்க. விளிம்பு சுத்தமா இருந்தா நல்லது. விளிம்பு வரைக்கும் நோய் ஓடியிருந்தா, உள்ள மிச்சம் இருக்குன்னு அர்த்தம்... திரும்பி வரும். அது தெரிஞ்சாத்தான் அடுத்து என்ன வைத்தியம்னு நான் சொல்ல முடியும்."

நியாஸ் தலையாட்டினான். மெட்ராஸுக்கு ரயிலும் ஏறினான். லேபுக்கு மட்டும் போகவில்லை. வேறு ரயில் மாறிப் பொன்னேரிக்கு வந்து, சொந்த ஊருக்குப் பஸ் ஏறிவிட்டான்.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். உடம்பிலிருந்து பிரிந்தது மண்ணுக்குப் போக வேண்டும். பைசலின் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஐஸ் உடைக்கிற மிஷினில் விரல் போனபோது, அந்த விரலையும் துணியில் சுற்றி அடக்கம் செய்தார்கள். இது விரல் இல்லை, ஜபீனின் மார்பு. முகம் தெரியாத ஆண்கள் அதை நறுக்கி வைத்து உற்றுப் பார்ப்பதா? அவனுக்கு மனசு ஒப்பவில்லை. பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஹஜ்ரத்தைக் கேட்டிருந்தால், முதலில் பரிசோதனை முடியட்டும், பிறகு அடக்குங்கள் என்று சொல்லியிருப்பார். கேட்டால்தானே? எனக்கு இந்த இடம் வரும்போதெல்லாம் ஆத்திரம் வரும். ஆனால் அவன் அவள் மேல் இருந்த பிரியத்தில்தான் அப்படிச் செய்தான்.

ஊர் இடுகாடான கபர்ஸ்தானின் கடைசி மூலை. கையளவு குழி. டப்பாவில் இருந்த மருந்துத் தண்ணீரைக் கொட்டினான். மூக்கைக் குத்தி, கண்ணில் நீர் வரவழைக்கிற வாடை... வெள்ளைத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டு உள்ளே வைத்தான். கிளிஞ்சல் தூள் கலந்த மண். தள்ளத் தள்ள, சர்... சர்... அந்தச் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை.

வீட்டுக்கு வந்து, லேபில் கொடுத்துவிட்டேன் என்றான். கொஞ்ச நாள் கழித்து, எல்லாம் கிளீன் என்றும் சொன்னான். ஜபீன் சந்தோஷத்தில் அழுதாள். டாக்டர் ரிப்போர்ட் கேட்டுப் போன் மேல் போன் போட்டார். நியாஸ் எடுப்பதையே நிறுத்திவிட்டான். ஒரே வீடு, ஒரே பாய். அந்தப் பொய்யோடு அவன் மட்டும் தனியாகக் கிடந்தான், யாரிடமும் வாய் திறக்க முடியாமல்.

மழைக்காலம் வந்தது. ஒரு சாயங்காலம் ஜபீன் தழும்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இங்க ஜில்லுன்னு இருக்குங்க... தண்ணி ஏறிக்கினே வர்ற மாதிரி."

மறுநாள் வேறு மாதிரி சொன்னாள்.

"யாரோ என் மேல நடந்துக்கினு போறாங்க. செருப்புச் சத்தம் கேக்குது."

அன்றைக்கு ஊரில் ஒரு மவுத், சாவு. கபர்ஸ்தானுக்குள் கூட்டமாக ஆட்கள் போய் வந்திருந்தார்கள்... கூட்டம் கலைந்ததும் ஓடினான். தோண்டினான். துணி இருந்தது. போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. அவிழ்த்தான். உள்ளே ஒன்றும் இல்லை. துணியில் ஒரு கறைகூட இல்லை. மண் தின்றிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

அந்த வாரமே ஜபீனின் தழும்புக்குக் கீழே கட்டி. அதே இடம். அதே அளவு.

இரண்டாவது ஆபரேஷன் மெட்ராஸில், பெரிய ஆஸ்பத்திரியில். இந்த முறை நியாஸ் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேராக லேபுக்குப் போனான். மறுநாளும் போய் வராந்தாவில் காத்துக் கிடந்தான். ஜானவி என்கிற டாக்டரம்மா அவனை உள்ளே கூப்பிட்டார். மேஜை மேல் ஒரு ஸ்டீல் தட்டு.

"கட்டியை வெளிய எடுத்ததும் சர்ஜன் அதுல நூல் கட்டி அனுப்புவாங்க. எது மேல் பக்கம், எது வெளிப்பக்கம்னு எங்களுக்குத் தெரியணும் இல்லையா, அதுக்கு. குட்டையா ஒண்ணு, நீளமா ஒண்ணு." இடுக்கியால் தட்டில் இருந்ததைப் புரட்டினார். "இதுல ரெண்டு ஜோடி இருக்கு. ஒண்ணு நேத்து கட்டினது. இன்னொண்ணு உள்ள இருக்கு... அது மேல சதை வளர்ந்து மூடியிருக்கு."

நியாஸ் குனிந்து தட்டைப் பார்த்தான்.

"உடம்புக்குள்ள இருக்கிற கட்டிக்கு யாரும் இப்படி நூல் கட்ட மாட்டாங்க. மொத ஆபரேஷன்ல எடுத்த கட்டி எங்க?"

அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதைக் கேட்டான்.

"விளிம்பு சுத்தமா இருக்குதா மேடம்? திரும்பி வருமா?"

"இதுல எந்த விளிம்பை நான் பாக்கிறது?" என்றார் அந்த அம்மா. தட்டை மூடிவிட்டு, கையைக் கழுவப் போனார். வெகு நேரம் கழுவிக்கொண்டே இருந்தார்.

நியாஸ் வார்டுக்கு வந்தான். ஜபீன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். புதைத்த விஷயத்தை அவன் அதுவரை ஒரு உயிரிடமும் சொன்னதில்லை. பைசலுக்கே அப்புறம்தான் தெரியும். அவன் கட்டில் பக்கத்தில் வந்து நின்றதும், அவள் திரும்பாமலே கேட்டாள்.

"இந்த வாட்டியாச்சும் லேப்ல குடுத்தீங்களா?... அங்க ஒரே இருட்டுங்க. தனியா கெடக்க முடியல."