டியூப் லைட்டும் தம்பி வீட்டு ரேடியோவும்

ஸ்டார்ட்டர் தேய்ந்துவிட்டால் டியூப் லைட் கண்ணடித்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ரேடியோ பாடினால் கொரகொரவென்று இரைச்சல்தான் வரும். ஈப்போ புந்தோங்கில் என் வீடும் தம்பி ஜெயபாலன் வீடும் ஒரே சுவர். என் மீட்டரிலிருந்துதான் அவனுக்கும் வயர் போகிறது. என் விளக்கு சிமிட்டினால் அவன் ரேடியோ கத்தும்.

அம்மா செமோர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அங்கே போன் கிடையாது. அதனால் ஜெயபாலன் தினமும் ரேடியோவில் மரண அறிவிப்பைக் கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவான். அப்பாவுக்கு மூத்தவனும் அம்மாவுக்கு இளையவனும் கொள்ளி வைப்பது எங்கள் வழக்கம். அம்மாவும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எனக்குக் கொள்ளி வைக்கச் சின்னவன் இருக்கான்" என்பாள். அவளைக் குளிப்பாட்டித் துடைத்துவிட்டு வந்தவன் நான். வயிறு எரிந்தது, மறைக்கவில்லை.

அன்று சாயங்காலம் சன்னாசி மாமா மோட்டார் சைக்கிளில் வந்தார். "உங்கம்மா போயிருச்சு உடையப்பா. நாளைக்கு மத்தியானம் எடுக்கிறோம். தம்பிகிட்ட நீயே சொல்லிடு. காலையில ரேடியோவுலயும் வரும்லா." அவர் அவசரமாகத் திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் நல்ல ஸ்டார்ட்டரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தேய்ந்ததை மாட்டினேன். அறிவிப்பு ஆரம்பித்ததும் சுவிட்சைத் தட்டினேன்.

தம்பி சுவரைத் தட்டினான். "அண்ணே, லைட்ட அடைங்கண்ணே. ஒண்ணுமே கேக்கலலா."

"கொஞ்சம் பொறுடா, ஸ்டார்ட்டர் மாத்துறேன்."

மாற்றினேன். அதற்குள் அறிவிப்பு முடிந்து பாட்டு வந்துவிட்டது. பாட்டு வெகு தெளிவாகக் கேட்டது. அவன் வேலைக்குப் போனான், நான் செமோர் பஸ் ஏறினேன்.

தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை என்று தோட்டத்தில் சொன்னேன். மாமா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறியதும் தூக்கிவிட்டார்கள். நானே மொட்டையடித்துக்கொண்டு கொள்ளி வைத்தேன். நன்றாகத்தான் எரிந்தது.

சாயங்காலம் தம்பி என் தலையைப் பார்த்துத் திகைத்தான். "என்னண்ணே இது?"

"அம்மாவுக்காக."

வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டான். கண் கலங்கிப்போய்க் குனிந்து என் காலைத் தொட்டான். "அம்மா எழுந்திரிச்சிரும்ணே. ஞாயித்துக்கெழம ரெண்டு பேருமா போயி பாத்துட்டு வரலாம்."

சரி என்றேன்.

யாரும் என்னைத் தவறாக நினைக்கக்கூடாது. அம்மா சத்தியமாக, தம்பியிடம் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.