பெண் பறவை பாடிய முப்பத்தொரு நிமிடம்

குண்டுக்கரிச்சான் நம் பக்கத்தில் அரிய பறவை இல்லை. முட்டுக்காட்டிலிருந்து செய்யூர் வரை எந்தத் தோட்டத்தில் நின்றாலும் ஒரு ஜோடியாவது கண்ணில் படும். கறுப்பு வெள்ளைச் சட்டையும் தூக்கிய வாலுமாக, பத்திரம் தன் பேரில் இருப்பதுபோல நடக்கும். விடியலில் பாடுவது ஆண். எல்லையைக் காக்கவும் துணையை அழைக்கவும் பாடுகிறது என்று நான் படித்த புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்லின. பெண்ணுக்கு இரண்டு வரி ஒதுக்கியிருந்தார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

என் ஆய்வுக் கட்டுரையோடு தந்த ஒலிப்பதிவில் தாழ்ந்த சுருதி ஒலிகள் மட்டும் ஏன் வெட்டப்பட்டிருக்கின்றன என்று விசாரணைக் குழு கேட்டிருக்கிறது. நியாயமான கேள்விதான். கொஞ்சம் பின்னாலிருந்து சொன்னால்தான் புரியும்.

ஆதியில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே பாடியிருக்க வேண்டும், பிற்பாடு பல இனங்களில் பெண் வாயை மூடிக்கொண்டது என்பது என் கட்சி. மூடிக்கொண்டதே தவிர மறக்கவில்லை. ஆண் திடீரென்று காணாமல் போனால், இடத்தைக் காப்பாற்ற அது பாடியே தீரும் என்று நினைத்தேன். அதை நிரூபிக்க ஒரே வழி, விடியலில் ஒரு மணி நேரம் ஆணைப் பிடித்து மறைத்து வைப்பது. இரண்டு பருவம் அப்படிச் செய்தோம். ஒரு பெண்ணும் வாயைத் திறக்கவில்லை.

செய்தோம் என்றால் நானும் வரதனும். வரதன் செய்யூர்க்காரர், சவுக்கு வெட்டிக்கொண்டிருந்தவர், நான்கு வருடமாக என்னுடன் இருந்தார். வலையில் சிக்கிய பறவையை ஒரு இறகு கலையாமல் எடுக்க அவரால்தான் முடியும். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் நம்பமாட்டீர்கள்.

பதிவு ஓடும்போது யாரும் பேசக்கூடாது என்பது எங்கள் விதி. கைப்பேசிகள் காரிலேயே இருக்கும். ஏதாவது சொல்ல வேண்டுமானால் குச்சியால் ஒரு பிளாஸ்டிக் குழாயைத் தட்டுவோம். மூன்று தட்டு என்றால் ஆபத்து, வா. ஒரு தட்டு என்றால் பொறு. முதல் வருடம் வரதன் ஒருமுறை இருமிவிட்டார், அன்றைய பதிவு பாழாயிற்று. நான் திட்டவில்லை. இரண்டு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் தும்மலைக்கூட விழுங்கப் பழகிவிட்டார்.

பாம்பு கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஓடாதீர்கள், நடக்காதீர்கள், உட்கார்ந்த இடத்திலிருந்தே தட்டுங்கள், நான் வந்துவிடுவேன் என்று.

மூன்றாவது பருவம், செய்யூர்ப் பக்கம் ஒரு மாந்தோப்பு, ஏப்ரல் மாதத்து வியாழக்கிழமை ஒன்று. ஐந்தரை மணிக்கு ஆண் வலையில் விழுந்தது. வரதன் அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு முப்பதடி தள்ளி, சவுக்கு வரிசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். நான் பச்சைத் துணி மறைப்புக்குள் இருந்தேன். ஐந்து நாற்பத்தொன்றுக்குப் பெண் மாங்கிளையில் வந்து அமர்ந்து, தொண்டையைத் திறந்தது. ஆணின் பாட்டில் இருக்கும் ஜோடனை ஒன்றும் அதில் இல்லை. இழுத்து, நிறுத்தி, எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. நான் அழுதுவிட்டேன்.

மூன்றாவது நிமிடம் மூன்று தட்டு கேட்டது. தோப்புக்குள் மாடு புகுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அங்கே மாடுகள் வருவதுண்டு. பாட்டு ஆறு பன்னிரண்டு வரை நீடித்தது.

நான் போனபோது வரதன் மரத்தில் சாய்ந்து, காலை நீட்டி, அசையாமல் உட்கார்ந்திருந்தார். சொல்லிக்கொடுத்ததில் ஒன்று பிசகவில்லை. இடது கணுக்காலில் பல் பட்ட தடம். பை மடியில் பத்திரமாக இருந்தது. முதலில் பறவையை விட்டேன், அதிக நேரம் பையில் வைப்பது முறையல்ல. பிறகு அவரைக் காரில் ஏற்றினேன். மதுராந்தகம் தாண்டும்போது மூச்சு நின்றது. எப்போது கடித்தது என்று டாக்டர் கேட்டார். இப்போதுதான் என்றேன். நல்ல பாம்பு கடித்தால் அரை மணி நேரம் பெரிய விஷயம் என்றார் அவர்.

ஒரு மாதம் கழித்து வரதனின் மனைவி மார்கரெட் படூரில் என் வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தேன், தொடவில்லை.

"அவரு கொரலு எங்க கையில இல்ல மேடம். போன்ல போட்டோதான் கீது. நீங்க தெனம் ரெக்கார்டு பண்ணிகினு இருந்தீங்க, எங்கனா ஒரு வார்த்த மாட்டிகினு இருக்கும். ஒரே ஒரு வார்த்த. தேடிப் பாருங்களேன்."

தேடிவிட்டேன், இல்லை என்றேன். வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல், அந்தப் பெண் பறவையின் பாட்டைச் சுத்தம் செய்து அவர் கைப்பேசிக்கு அனுப்பினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இது பாடசொல்ல அவரு அங்கதான இருந்தாரு?"

"அங்கேதான் இருந்தார்."

"கேட்டிருப்பாரு," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

நீங்கள் கேட்ட மூலப்பதிவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வெட்டியதெல்லாம் அதில் இருக்கிறது: மூன்று தட்டு ஒன்பது முறை வருகிறது. ஒவ்வொன்றுக்கும் பிறகு, மிக அருகில், ஒரே ஒரு தட்டு கேட்கும். அது நான் தட்டியது. மாடு என்று நான் எழுதியதை அடித்துவிடுங்கள். இருபத்தெட்டாவது நிமிடத்தில் வரதனின் குரல் வரும். பறவை கலைந்துவிடக்கூடாதே என்று மிக மெல்லப் பேசியிருக்கிறார்.

"மேடம்... பாம்பு மேடம். கண்ணு தொறக்க முடில. பாடி முட்ச்சிச்சா?"

அதற்கும் ஒரு தட்டு இருக்கிறது.

எத்தனையோ முறை போட்டுக் கேட்டுவிட்டேன். என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். இந்தப் பதிவு மார்கரெட் காதுக்குப் போக வேண்டாம். தாங்கமாட்டார். மார்கரெட்டுக்காகத்தான் கேட்கிறேன்.